வாசலில் கிடந்த செருப்புகள்

கண்காட்சிக் கூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் நானே அடக்கமாக ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது, ஈரப்பதத்தை எப்படி அளப்பது, கண்ணாடிப் பெட்டியை எதைக் கொண்டு துடைப்பது என்பதையெல்லாம் சொல்லித் தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் வாசலைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த நகரத்தில் எங்கே கண்காட்சி நடந்தாலும் போய்ப் பார்ப்பது என் பழக்கம். வேலையில் இருந்தபோதும் போவேன், இப்போதும் போகிறேன். உள்ளே நுழையுமுன் வாசலில் சற்று நின்று, வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பேன். தென்சென்னை ஓவியக் கூடங்களில் எல்லோரும் ஷூவோடு நுழைவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து நகர்வார்கள். பல் டாக்டரிடம் காத்திருப்பவர்களின் ஒழுங்கு அதில் இருக்கும். நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்தில் அப்படி இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பை விட்டுவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், கையிலிருக்கும் பூவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். மேலதிகாரிகள் எரிச்சல்படுவார்கள். எனக்கு எரிச்சல் வந்ததில்லை. நாங்கள் வைத்திருந்தது சிற்பம், அவர்கள் பார்த்தது சாமி. இரண்டும் வேறு என்பதை வாசலில் கிடந்த செருப்புகள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தப் பழக்கம் எனக்கு ஒருமுறை உண்மையாகவே உதவியது. முழுதாக உதவியது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தாமதமாக உதவியது.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்தவர். நான் அருங்காட்சியகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஓர் அறக்கட்டளை எங்கள் பகுதியிலேயே ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தியது. துறைமுக ரயில் பாதை ஓரத்தில் பூட்டிக்கிடந்த பழைய குடோன் ஒன்றைச் சுத்தம் செய்து கூடமாக்கியிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வாழ்கிற சாதாரண மனிதர்களின் முகங்கள்தான் கண்காட்சி. கூடத்தை நடத்த அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். திறப்பு விழா முடிந்த பிறகு நான் பொறுப்பேற்பதாக ஏற்பாடு. மேடைப் பேச்சுகளிலிருந்து தப்பிக்க நானே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

படங்களை எடுத்தவன் பிரணவ், அடையாறு பக்கத்துப் பையன். ஒரு வருடமாக இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, பார்த்த வீட்டிலெல்லாம் டீ குடித்து, பழகிய பிறகுதான் கேமராவை வெளியே எடுத்தவன். அவனிடம் எனக்குப் பிடித்தது அது. ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு ஆள், கறுப்புத் திரைக்கு முன்னால், நேராக நம்மைப் பார்த்தபடி. சிரிக்க வேண்டாம் என்று சொல்லி எடுத்திருந்தான். சிரித்தால் முகம் பொய் சொல்லுமாம். இருக்கலாம். எல்லாப் படங்களுக்கும் கறுப்புச் சட்டம் போட்டு, சுவரில் சற்று உயரத்தில் வரிசையாக மாட்டியிருந்தார்கள்.

திறப்பு விழா அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பியிருந்தார். அக்கம்பக்கத்து ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே ஒரே செருப்பாகக் கிடந்தது. ரப்பர் செருப்புகள், மீன் சந்தைக்குப் போகிற பெண்களின் பிளாஸ்டிக் செருப்புகள், ஸ்கூல் பிள்ளைகளின் ஷூக்கள்.

அறக்கட்டளையின் செயலாளர் அம்மா முகமெல்லாம் பூரிப்பாக என்னை வரவேற்றார். “பாத்தீங்களா மேடம்? நாங்க யாரும் சொல்லவே இல்லை. அவங்களாவே கழட்டிட்டு வர்றாங்க. நம்ம மக்களுக்குக் கலை மேல எவ்வளவு மரியாதை!”

நான் செருப்புகளைப் பார்த்தேன். இது கோயில் சிலை இல்லை. மீன்காரரும் டீக்கடைக்காரரும் லாரி டிரைவரும் இருக்கிற படம். அவர்களைப் பார்க்க அவர்கள் தெருவில் இருப்பவர்கள் ஏன் செருப்பைக் கழற்ற வேண்டும்? வேகமாக உள்ளே போனேன்.

உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. ஒரு பெண் தன் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சுவரில் ஒரு சின்னப் பலகை. பலகையின் மேல், தீபச் சுடர் மாதிரி மினுமினுக்கும் சிவப்பு பல்பு. பல்புக்குப் பக்கத்தில் ஒரு ரோஜா.

என் அப்பா கடையில் கல்லாவுக்கு மேலே இதே பல்புக்குப் பின்னால் என் தாத்தா இருந்தார். பிறகு பெரியப்பா வந்து சேர்ந்தார். கடைசியில் அப்பாவும் அங்கேயே போனார். பஜாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதைத்தான் பார்க்கலாம். உயிரோடு இருப்பவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்கள், போனவர்கள் விளக்கோடு மேலே இருப்பார்கள்.

என்ன நடந்தது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மேலிருந்து ஒளி விழவேண்டிய ஸ்பாட் லைட்டுகளை ஏற்றி வந்த லாரி மாதவரத்திலேயே பழுதாகி நின்றுவிட்டது. அவசரத்துக்குப் படங்களுக்குக் கீழே சின்னதாக ஏதாவது லைட் போடச் சொல்லியிருக்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் பாபு கடைக்குப் போய், போட்டோவுக்குப் போடுகிற லைட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் எந்தக் கடையில் அப்படிக் கேட்டாலும் ஒரே பொருளைத்தான் எடுத்துத் தருவார்கள். வெளிச்சம் இதமாக இருக்கிறது என்று பிரணவுக்கும் பிடித்துவிட்டது. காலையில் செயலாளர் அம்மா தன் பங்குக்கு ரோஜாக்களை வைத்திருக்கிறார்.

“உங்களுக்குத் தெரியாதா பாபு?” என்றேன்.

“நான் கேட்டேன் மேடம். எல்லாரும் பூட்டாங்களா சார்னு கேட்டேன். பிரணவ் சாரு காதுல போன மாட்டிகினு, எல்லாருக்கும் ஒரே மாதிரி மாட்டுன்னாரு. சரி, பாவம்னுட்டு மாட்டிட்டேன்.”

“எதிர்ல டீக்கடை வச்சிருக்காரே அந்தோணி, அவர் படமும் இருக்கே. காலைல அவர் கடைலதானே டீ குடிச்சீங்க?”

“அவரு அண்ணன்னு நெனச்சிகினேன் மேடம். மூஞ்சி ஒண்ணாத்தான் கீது.”

பாபுவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டியதை அவர் ஒருவர்தான் கேட்டிருந்தார். நான் பிரணவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் மெதுவாகத் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“மேடம், காலைல இதை ஸ்டேட்டஸ் வச்சிட்டேன்.”

போனில் ஒரே ஒரு படம் இருந்தது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மீனவர் தேசிங்கு. கண்காட்சியின் ஆகச் சிறந்த படமும் அதுதான். அவர் முகம், கீழே சிவப்பு விளக்கு, ரோஜா. வேறு எந்தப் படமும் அதில் தெரியவில்லை.

“குப்பத்துக்காரங்க நம்பர் உன்கிட்ட இருக்கா?”

“நிறையப் பேர் நம்பர் இருக்கு மேடம்.”

“யாராவது பதில் போட்டாங்களா?”

“கைகூப்பற படம் போட்டிருக்காங்க. வாழ்த்தறாங்கன்னு நெனச்சேன்.”

தேசிங்கு இப்போது எங்கே என்று கேட்டேன். விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருப்பதாகவும், வந்ததும் படத்தைப் பார்க்க வருவார் என்றும் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் தெருவில் ஆட்டோக்கள் வந்து நிற்கும் சத்தமும், அதற்கு மேலே ஒரு பெண்ணின் ஓலமும் கேட்டன.

ஷேர் ஆட்டோ இரண்டில் குப்பமே வந்திருந்தது. ஓலமிட்டவர்கள் பின்னால் வந்த பெண்கள். முன்னால் வந்தவள் அழவில்லை. அவள்தான் தேசிங்கின் மனைவி ரேவதி. பக்கத்தில் அவளுடைய அண்ணன், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரையாவது அடிக்கத் தயாராக வந்தார். செயலாளர் அம்மா என் காதருகில், ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூடினால், உள்ளே மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

ரேவதி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கைப் பார்த்தாள், ரோஜாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அங்கே வயதில் மூத்தவளாகத் தெரிந்த என்னிடம் கேட்டாள்.

“எப்ப சேதி வந்துச்சி?”

“சேதி எதுவும் வரலைம்மா.”

“வராமயா வெளக்கு வச்சிகீறீங்க?”

அண்ணன் நடுவில் புகுந்தார். “காத்து மாறுதுன்னு மத்த போட்டுலாம் திரும்பி வந்துச்சி. இவுங்க போட்டு மட்டும் வரல. மீன்துறை ஆபீஸ்ல போய்க் கேட்டா தேடிகினு கீறோம், தேடிகினு கீறோம்னு அதையே சொல்றாங்க. இங்க இன்னாடான்னா பூ வச்சி வெளக்கு ஏத்திகினு கீறீங்கோ. உங்களுக்கு யாரு சொன்னது? அத்த சொல்லுங்க மொதல்ல!”

அப்போதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. படகிலிருந்து பல நாளாகத் தகவல் இல்லை. கரையில் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அந்தப் போனில் எங்கள் படம் வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. அடி விழும் என்கிற பயம் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எங்கள் யாரிடமும் இல்லை என்கிற பயம்.

பிரணவ் தாங்க முடியாமல் முன்னால் வந்தான். “அக்கா, அவருக்கு ஒண்ணும் ஆகலைக்கா, அவர் நல்லா...”

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். வலித்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் வேலையில் ஒரு பொருளுக்குக் கீழே விளக்க அட்டை வைக்கிறோம். தெரிந்ததை எழுதுகிறோம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுகிறோம், அல்லது அந்த இடத்தைக் காலியாக விடுகிறோம். பார்க்கிறவர் சந்தோஷப்படட்டும் என்று எதையும் எழுதுவதில்லை. நெருக்கடி வந்தால் வாய்ப்பேச்சுக்கும் இதே சட்டம்தான். அட்டையில் எழுத முடியாததை வாயால் சொல்லாதீர்கள். தேசிங்கு நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிடம் நம்பியிருப்பாள். அதை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பது எங்கள் கையில் இல்லை. இரக்கத்தில் சொல்கிற பொய்யை நம்பி ஒருத்தி காத்திருந்தால், அந்தக் காத்திருப்புக்கு யார் பொறுப்பு?

“எங்களுக்கு எதுவும் தெரியாதும்மா,” என்றேன். “போட்டு வரலைங்கறதே உங்க அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இந்தப் பையன் படம் எடுத்தான். எல்லார் படத்துக்கும் ஒரே மாதிரி விளக்கு வச்சுட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்காம வச்சுட்டாங்க. வேற எந்த விஷயமும் இல்லை.”

அவள் சுற்றிலும் மற்றப் படங்களைப் பார்த்தாள். “அப்போ இவங்கல்லாம்?”

“இருக்கறவங்கதான்.”

“உசுரோட கீறவங்களுக்கு யார்னா இப்டி வைப்பாங்களா?”

நியாயமான கேள்வி. யாரும் வைக்க மாட்டார்கள். நான் எவ்வளவு பேசினாலும் அந்த விளக்கு என்னைவிடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பாபு, விளக்கை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து அவசரமாகச் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

“யோவ், அணைக்காத! கைய எடு!” அண்ணன் போட்ட சத்தத்தில் குடோன் தகரமே அதிர்ந்தது.

கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்தது. பாபுவுக்கும் புரிந்து, சுட்டதைப் போலக் கையை இழுத்துக்கொண்டார். கடலில் இருக்கும் ஒருவன் முகத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை அணைப்பதா? எரிந்தாலும் தப்பு, அணைத்தாலும் தப்பு. ஒரு சின்ன பல்பு எங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டது.

அப்போதுதான் எதிர்ச்சுவரில் இருந்த அந்தோணியின் படம் என் கண்ணில் பட்டது. பாபுவை அனுப்பி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் சொல்வதைவிட ஒரு ஆளையே கொண்டுவந்து நிறுத்துவது மேல் என்று தோன்றியது. கடையில் கூட்டம் இருந்ததால் அவர் அதுவரை கண்காட்சிப் பக்கமே வந்திருக்கவில்லை.

கையில் டீ வடிகட்டியோடு வந்தார். “இன்னாம்மா, கடைல ஆளுங்க நின்னுகினு கீறாங்க, அப்டி இன்னா அவுசர...”

தன் படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

“யாரு பாத்த வேல இது? மெய்யாலுமே கேக்கறேன், யாரு பாத்த வேல? காலைலேந்து பால் காச்சிகினு கீறேன். நான் எப்போய்யா செத்தேன்? எனக்கே சொல்லாம காரியத்த முடிச்சிட்டீங்களா? என் பொண்டாட்டிக்காவது சொன்னீங்களா? பூ வேற! ஒத்த ரோசா! ஒரு மாலைக்குக்கூட நான் வொர்த் இல்லியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தோணிக்கு இன்னும் கோபம் ஏறியது. வடிகட்டியை ஆட்டி ஆட்டிப் பேசினார், டீத்துளிகள் சட்டையெல்லாம் தெறித்தன. செத்தவர் என்று விளக்கு சொன்ன ஒரு மனிதர் தன் படத்துக்கு முன்னாலேயே நின்று அவ்வளவு உயிரோடு திட்டிக்கொண்டிருந்தார். ரேவதியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் சிரிப்பாக வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. வந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

அந்தோணி நிறுத்தினார். அண்ணன் அவருக்கு இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். அந்தோணியின் குரல் இறங்கிவிட்டது.

“தோ பாரும்மா. நான் செத்துட்டேன்னு இந்த வெளக்கு சொல்லுது. நீ நம்புறியா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்ப அந்த வெளக்கையும் நம்பாத. ரெண்டும் ஒரே கடைல வாங்குனதுதான்.”

அதோடு விடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தன் படத்தைத் தானே ஆணியிலிருந்து கழற்றி இறக்கினார். “வெளக்கு எரிஞ்சிகினே கீட்டும். எனக்கு இன்னா? நான் இங்க இருக்க மாட்டேன்.”

அவர் கோபத்தில் செய்தார். வழி அதில்தான் இருந்தது. விளக்கைத் தொட வேண்டியதில்லை, படத்தை நகர்த்தினால் போதும். படம் இல்லாத இடத்தில் விளக்கு வெறும் விளக்குதான், பிறகு அது எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? நான் அந்த ஸ்டூலைத் தேசிங்கின் படத்துக்குக் கீழே நகர்த்தினேன்.

“நீயே இறக்கும்மா,” என்றேன். “நாங்க தொடலை.”

அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ரேவதி ஏறி, படத்தை இரண்டு கையாலும் இறக்கி, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மார்போடு வைத்துக்கொண்டாள். அதை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னான் பிரணவ். அவளுக்கு அதில் விருப்பமில்லை. வீட்டுக்குப் படம் மட்டும் வருவது நன்றாக இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ. வாசலுக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற செங்கல் சுவரைக் காட்டினாள். அந்தோணி தன் படத்தை அங்கேதான் சாய்த்து வைத்திருந்தார்.

“இவரு பக்கத்துல மாட்டுங்க. தாழ்வா மாட்டுங்க. இவரு கத்திகினே இருக்கட்டும்.”

அப்படியே மாட்டினோம். மற்றப் படங்களையும் இறக்கினோம். சுவர் முழுக்க வெறும் விளக்குகள் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தன. பிறகு பாபு ஒவ்வொன்றாக நிறுத்தினார், இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

குப்பத்துக்காரர்கள் கிளம்பும்போது ரேவதி அந்தோணியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவள் செய்தது சரி.

பிரணவ் ஸ்டேட்டஸை அழித்துவிட்டதாகச் சொன்னான். போதாது என்றேன். அழித்தது இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே பார்த்தவர்களின் பெயர்கள் போனில் இருக்கும், ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல் என்றேன். ஒரு மூலையில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேசினான். சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர், செத்ததற்கு அழுததை எப்படித் திருப்பி எடுப்பது என்று கேட்டாராம். அவன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எளிய பாடம் ஒன்று கிடைத்திருக்கும். அன்று சாயங்காலம் விம்கோ நகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள். எங்கள் படங்களில் ஒன்று அவள் அப்பாவுடையது. பழைய தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாப் படங்களையும் செங்கல் சுவரில் தாழ்வாக மாட்டி முடித்திருந்தோம்.

“காலைல அப்பா படத்துக்கு விளக்கு இருந்துச்சாமே?” என்று கேட்டாள். “பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. அதைப் பாக்கத்தான் ஆபீஸ் முடிஞ்சு ஓடி வந்தேன்.”

நான் காலையில் நடந்த குழப்பத்தை விளக்கி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அப்பா போய் மூணு மாசம் ஆச்சு மேடம். நீங்க தெரிஞ்சுதான் வச்சீங்கன்னு நெனச்சேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஏன் எடுத்துட்டீங்க?”

பிரணவுக்கு அவர் இறந்தது தெரியாது. அவர் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தான், திரும்ப ஒருமுறை போய்ப் பார்க்கவில்லை. நான் யோசித்தேன். காலையில் அவ்வளவு பாடுபட்டு எல்லா விளக்கையும் நிறுத்திவிட்டு, மாலையில் ஒன்றைத் திரும்ப ஏற்றுவதா? ரேவதி வந்து பார்த்தால்? ஒரே மாதிரி வைத்ததால்தான் காலையில் சிக்கல் வந்தது. இப்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்ததால் இன்னொன்று வந்து நிற்கிறது. அவர் படத்தைப் பழைய சுவருக்கே கொண்டுபோனோம். தனியாக, உயரத்தில். அட்டையில் காலமானார் என்று சேர்த்தோம். மகள் தன் கையால் விளக்கைப் போட்டாள். அந்தக் கூடத்தில் எரிந்த ஒரே விளக்கு அதுதான். அதற்கு என்ன அர்த்தமோ அதையே அது சொன்னது.

ஸ்பாட் லைட்டுகள் மறுநாள் வந்தன. ஜனங்கள் செருப்போடு வந்தார்கள், சத்தமாகப் பேசினார்கள், படங்களைப் பார்த்து ‘தோ நம்ம மாமு’ என்று கத்தினார்கள். விளக்கு எரிந்த அந்தச் சுவருக்குப் போகும்போது மட்டும் சிலர் செருப்பை ஓரமாக விட்டார்கள். செயலாளர் அம்மாவுக்கு இந்தச் சத்தத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. எனக்கு இருந்தது.

தேசிங்கின் படகிலிருந்து தகவல் வரவில்லை. ரேவதி தினமும் அந்தோணிக்குப் போன் செய்தாள். அவர் பேசுவது எனக்கும் கேட்கும்.

“இல்லம்மா, லைட்டு ஒண்ணும் இல்ல. அவுரும் நானும் பக்கத்துல பக்கத்துலதான் கீறோம். வெயிலு அவுரு மேல நல்லா வுழுது... ஆமா, ஆமா, காலைலகூட போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார். கடை திறந்ததும் முதல் வேலையாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பார். பார்க்காமலே சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டேன். “அது இன்னாம்மா பேச்சு? அந்தப் பொண்ணு கேக்குது இல்ல?” என்றார். நான் பதவியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு காவலர் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த நாட்களில் நான் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் தேசிங்கின் முகத்தைத்தான் பார்த்தேன். எதையும் சொல்லாத முகம். நல்ல படத்தின் குணமே அதுதான் என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது அந்தக் குணம் பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லித் தொலையேன் என்று இருந்தது.

கண்காட்சி முடியும் வாரத்தில் ஒரு காலை, அந்தோணி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ரேவதி போனில் சொன்னதை மூச்சு வாங்கச் சொன்னார். என்ஜின் பழுதாகி நின்ற படகை நீரோட்டம் ஆந்திரா பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அங்கே வேறு படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். பாபு கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டார். பிரணவ் அழுதான். நான் ஏதோ வேலை இருப்பதைப் போல அலமாரியைத் திறந்து மூடினேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். தேசிங்கு படத்தில் இருந்ததைவிட இளைத்துக் கறுத்திருந்தார். தெருவில் நின்றபடி குடோனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய இடம், உள்ளே குளிர்ந்த வெளிச்சம், மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு கிழவி. கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து ஒரு காலின் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

பின்னால் வந்த ரேவதி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“செருப்ப மாட்டிகினே வாய்யா! நீ இன்னா செத்தா பூட்ட?”

அவர் செருப்போடு உள்ளே வந்தார். கூடத்தின் தரையெல்லாம் முகத்துவாரத்து மண் ஒட்டியது. சாயங்காலம் பாபு துடைப்பத்தை எடுத்தபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.